அரிதானதா, அரிதாக்கப்பட்டதா? லண்டன் மேடையும் திண்டுக்கல் பறையும்

2025 மார்ச் 8 அன்று மாலை, லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியில் உள்ள ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. மிக்கேல் டாம்ஸ் நடத்தினார். முதலில் ஒலித்தது, அதுவரை எந்த மேடையிலும் அரங்கேறாத ஒரு படைப்பு: இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி. நான்கு பகுதிகள் கொண்டது. அது முடிந்தபின், நமக்கெல்லாம் மனப்பாடமான அவருடைய திரைப்பாடல்களை அதே ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது.

யாரும் கேட்டிராத ஒன்றையும் எல்லோரும் நேசிக்கும் ஒன்றையும் ஒரே மாலையில் சேர்த்து வைப்பது மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிகளில் நெடுநாள் வழக்கம். பழக்கமானதை நம்பி மக்கள் டிக்கெட் வாங்குவார்கள். வந்தவர்கள் பழக்கமில்லாததையும் கேட்டுவிட்டுப் போவார்கள். அங்கெல்லாம் அந்தப் பழக்கமான இடத்தில் பெரும்பாலும் ஒரு ‘கான்செர்ட்டோ’ இருக்கும். லண்டனில் அன்று அந்த இடத்தில் நம் பாடல்கள் இருந்தன.

அந்தச் செய்தி வந்த நாட்களில் இளம் தோழர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று: ‘இது மேட்டுக்குடி இசை, இதில் நமக்கு என்ன வேலை?’ இரண்டு: ‘அவரே தன்னை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில்லை, நாம் ஏன் கொண்டாட வேண்டும்?’ இரண்டும் நியாயமான கேள்விகள். ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்துவிட முடியாது. பதில் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு முனை லண்டனிலும் பெர்லினிலும் சிகாகோவிலும் கிடக்கிறது. மறுமுனை நம் திண்டுக்கல் சமவெளியில் கிடக்கிறது.

பண்ணைப்புரத்திலிருந்து

இளையராஜா பிறந்தது 1943-ல், பண்ணைப்புரத்தில். அன்று தேனி மாவட்டமும் இல்லை, திண்டுக்கல் மாவட்டமும் இல்லை. இரண்டுமே பழைய மதுரை மாவட்டத்தின் பகுதிகள். திண்டுக்கல் 1985-ல் தனி மாவட்டமானது. தேனி அதற்கும் பிறகு. ஆகவே அவர் வளர்ந்த உலகம் நம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த அதே உலகம்தான். ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த உலகம்.

அப்பா டேனியல் ராமசாமி. அம்மா சின்னத்தாய். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் பாடி வாக்குக் கேட்டது பாவலரின் குழு. அந்தக் குழுவோடு போன சிறுவன்தான் பின்னாளின் இளையராஜா. அவருடைய முதல் கச்சேரி மேடைகள் சபா மேடைகள் அல்ல. தெருமுனைகள், கட்சிக் கூட்டங்கள், எஸ்டேட் லயங்கள்.

1960-களின் இறுதியில் சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை ஸ்வரக்குறிப்போடு முறையாகக் கற்றார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’. 1986-ல், தியாகராஜரையும் பாக்கையும் ஒருசேர வணங்கி ‘ஹவ் டு நேம் இட்’. 1993-ல் இதே ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து லண்டனில் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். ஜான் ஸ்காட் நடத்தினார். 2005-ல், புடாபெஸ்ட் இசைக்கலைஞர்களோடு திருவாசகம்.

இதில் 1993 என்ற ஆண்டை நிறுத்திப் பாருங்கள். அந்த சிம்பொனி பதிவானது. ஆனால் மக்கள் காதுக்கு வரவில்லை. அன்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மூலை முடுக்கெல்லாம் ஒலிக்கும் ஒரு மனிதரின் படைப்புகளிலேயே யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. ஆக, ‘அரிய படைப்பு’ என்பது பழைய காலத்து விஷயம் மட்டுமல்ல. நம் கண்முன்னாலேயே ஒரு படைப்பு அரிதாக முடியும்.

அப்படியானால் எது அரிதாகிறது, எது பிரபலமாகிறது? யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரு கான்செர்ட்டோவைத் தடை செய்த கதை

கான்செர்ட்டோ என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுவோம். ஒரு பக்கம் முழு ஆர்க்கெஸ்ட்ரா, அறுபது எழுபது பேர். எதிரில் ஒரே ஒரு வயலின், அல்லது பியானோ. அந்த ஒருவர் கேட்பார், கூட்டம் பதில் சொல்லும். சில நேரம் கூட்டம் அமுக்கப் பார்க்கும், அவர் மீறி எழுவார். ஓரிடத்தில் கூட்டம் முழுக்க அமைதியாகிவிடும், அவர் தனியே வாசிப்பார். பெரும்பாலும் மூன்று பகுதிகள். நம் ஊரில் தவிலோடு போட்டி போடும் நாதஸ்வரத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை.

உலகத்தில் அதிகம் நேசிக்கப்படும் கான்செர்ட்டோக்களில் ஒன்று மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோ. 1845 மார்ச்சில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வயலின் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜெர்மானிய மக்கள் தொண்ணூறு ஆண்டுகள் அதைத் தங்கள் சொத்தாகவே கொண்டாடினார்கள்.

ஆனால் மெண்டல்சன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே கிறிஸ்தவ ஞானஸ்நானம் பெற்றவர். நாஜிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மதம் மாறினாலும் பிறப்பு மாறாது என்பதுதான் அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதா என்ன? 1936 நவம்பரில் லைப்சிக் இசையரங்கின் முன் நின்றிருந்த மெண்டல்சன் சிலையை அகற்றினார்கள். அவர் இசை மேடைகளிலிருந்து விலக்கப்பட்டது.

விலக்கினால் போதுமா? மக்கள் அதை நேசிக்கிறார்களே! அந்த இடத்தை நிரப்ப ‘அசல் ஜெர்மானிய’ கான்செர்ட்டோ ஒன்று வேண்டியிருந்தது. அப்போது கிடைத்ததுதான் ஷூமன் 1853-ல் எழுதிய வயலின் கான்செர்ட்டோ. அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த யோவாக்கிம் என்ற கலைஞர் அதை அரங்கேற்றவில்லை. ஷூமன் இறந்து நூறாண்டு ஆகும்வரை அதை வாசிக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு கையெழுத்துப்படி பெர்லின் நூலகத்தில் முடங்கிக் கிடந்தது. நாஜி அரசு அதை வெளியே எடுத்தது. 1937 நவம்பர் 26 அன்று பெர்லினில், தன் பண்பாட்டு அமைப்பு நடத்திய அரசு விழாவில் அரங்கேற்றியது. யூதரான யெஹுதி மெனுஹின் முதலில் வாசிக்க விரும்பியும் அந்த உரிமை அவருக்குத் தரப்படவில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பூட்டி வைப்பது மட்டும் அதிகாரம் அல்ல. பூட்டியதை எப்போது திறப்பது, யார் கையில் கொடுப்பது, யாரை மறைக்க அதைக் காட்டுவது என்பதும் அதிகாரம்தான். ‘மறைந்துபோன மரபை மீட்டோம்’ என்று யாராவது முழங்கினால் உடனே கைதட்டிவிடாதீர்கள். மீட்டவர் யார், மேடையில் நிற்பவர் யார், மேடைக்குக் கீழே தள்ளப்பட்டவர் யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஷூமன் மீது குற்றமில்லை, அவர் இசையிலும் குற்றமில்லை. மெண்டல்சனை அழிக்க அவரைப் பயன்படுத்தியவர்கள்தான் குற்றவாளிகள்.

இல்லினாயில் ஒரு பாழடைந்த வீடு

அதே காலத்தில் கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிளாரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் 1887-ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். இன வன்முறைக்கு அஞ்சி வடக்கே சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவருடையது. 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை.

ஆறு ஆண்டுகள் கழித்து, கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால் மறுக்கப்பட்டது. மண்டபம் வைத்திருந்த அமைப்பு வெள்ளையர் அல்லாதவருக்கு மேடை தரவில்லை. 1939 ஏப்ரல் 9 அன்று அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில், திறந்த வெளியில் பாடினார். சுமார் 75,000 பேர் கூடினார்கள். அன்று அவர் பாடியவற்றில் ஒன்று பிளாரன்ஸ் பிரைஸ் அமைத்த ஆன்மீகப் பாடல். மண்டபம் மறுக்கப்பட்ட ஒரு பெண் இன்னொரு பெண்ணின் இசையை வீதிக்குக் கொண்டுவந்தார்.

பிரைஸ் 1953-ல் இறந்தார். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களின் நடத்துநர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களால் அதிகம் பலன் இல்லை. தான் பெண் என்பதும், தன் உடம்பில் கறுப்பின ரத்தம் ஓடுகிறது என்பதும் இரண்டு தடைகள் என்று ஒரு கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதினார். 2009-ல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்த ஒரு வீட்டை வாங்கியவர்கள், உள்ளே கட்டுக்கட்டாகக் காகிதங்களைக் கண்டார்கள். அது பிரைஸ் கோடையில் தங்கிய வீடு. அந்தக் கட்டுகளில் இரண்டு வயலின் கான்செர்ட்டோக்கள் இருந்தன. ஒரு சிம்பொனியும் இருந்தது. கூரை இன்னும் கொஞ்சம் ஒழுகியிருந்தால் அவ்வளவும் போயிருக்கும்.

இன்று உலகெங்கும் கச்சேரி நிரல்களில் பிரைஸின் பெயர் ‘அரிய படைப்பு’ என்ற வரிசையில் வருகிறது. நல்லது. ஆனால் அது தானாக அரிதாகவில்லை. நிறத்தைப் பார்த்து, பாலைப் பார்த்து, கதவைச் சாத்தி அரிதாக்கினார்கள்.

இந்தப் பார்வையோடு இனி நம் ஊருக்கு வருவோம்.

தோலின் ஊர்

திண்டுக்கல் என்றால் பூட்டு என்பார்கள், பிரியாணி என்பார்கள். திண்டுக்கல் தோலின் ஊரும்கூட. நகரத்தைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகள் வளர்ந்தன. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி, தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சுரண்டியவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். ஆலைக் கழிவு கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. தமிழகத் தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டது. தோலின் லாபம் ஒரு பக்கம் போனது. தோலின் நாற்றம், ‘தீட்டு’, கெட்ட தண்ணீர் எல்லாம் இன்னொரு பக்கம் வந்து சேர்ந்தன.

அதே தோல்தான் பறை. மூன்று மரத்துண்டுகளை இணைத்த வட்டச் சட்டம். அதில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சுண்டுக்குச்சி. வாசிக்கும் முன் வைக்கோலோ சருகோ கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். காய்ச்சக் காய்ச்சச் சுருதி ஏறும். குளிரில் இறங்கும். மறுபடி காய்ச்ச வேண்டும். லண்டன் அரங்கில் வாசிப்பு தொடங்கும் முன் எல்லோரும் ஓபோவைக் கேட்டுச் சுருதி சேர்க்கிறார்களே, அதே வேலைதான். எங்கள் பெரியவர்கள் நெருப்பை வைத்துச் செய்தார்கள்.

பறையிசை வெறும் ‘டண்டணக்கா’ என்று கேலி பேசுபவர்களுக்கு அதன் அடிகள் தெரியாது. சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, சப்பரம் கிளம்ப ஓர் அடி, மருள் வர ஓர் அடி, மாரடித்து அழ ஓர் அடி, வாழ்த்துக்கு ஓர் அடி. ஒவ்வொன்றுக்கும் தனித் தாளக்கட்டு, தனி வேகம், தனி நடை. யார் எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தலையசைவிலும் காலடியிலும் சொல்லிக்கொள்வார்கள். எழுதிவைத்த தாள் ஒன்றும் கிடையாது.

சங்க இலக்கியத்தில் பறை இழிந்த கருவி இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்து வைக்கிறது. புறநானூற்றின் 335-ஆம் பாடல் குடிகளை எண்ணும்போது பாணரோடும் துடியரோடும் பறையரையும் எண்ணுகிறது. பிறகு என்ன ஆனது? கருவி கலையாக இருந்த இடத்திலிருந்து ஊழியமாக மாற்றப்பட்டது. சாவுக்கு அடி, இலவசமாக அடி. தண்டோராவுக்கு அடி, சம்பளம் கேட்காமல் அடி. கோவில் திருவிழாவில் வாசலுக்கு வெளியே நின்று அடி. களத்தில் மிஞ்சிய தவசத்தை வாங்கிக்கொள். வரமாட்டேன் என்றால் வேலை கிடையாது, தண்ணீர் கிடையாது, கடையில் சாமான் கிடையாது.

மேடைக்குப் போகும் தோல்கருவிக்கும் இதே கதை வேறொரு விதத்தில் நடந்தது. மிருதங்கத்துக்குத் தோல் வார்த்துக் கட்டுபவர்களில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். அவர்கள் கைவேலை இல்லாமல் அந்த நாதம் இல்லை. ஆனால் மேடையில் அவர்கள் இல்லை, அழைப்பிதழில் அவர்கள் பெயர் இல்லை. டி. எம். கிருஷ்ணா 2020-ல் அவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். அந்த நூலின் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. மண்டபம் மறுப்பது 1939-ன் வாஷிங்டனோடு முடிந்துவிடவில்லை.

எறிவதா, ஏந்துவதா?

இந்த ஊழியத்தை என்ன செய்வது என்பதில் நம் இயக்கத்துக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்திருக்கிறது. இளையவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நிலைப்பாடு: தூக்கி எறி. 1928-லேயே அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில், மகர்களின் பரம்பரை ஊழிய முறையை மாற்ற மசோதா கொண்டுவந்தார். துண்டு நிலத்துக்கும் பிடி தானியத்துக்கும் பரம்பரை பரம்பரையாக ஊருக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பது அடிமைத்தனம் என்றார். அதே உணர்வில் தமிழகத்தில் எத்தனையோ சேரிகளில் நம் ஆட்கள் பறையை அடிக்க மறுத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், ஊர்விலக்கம் பட்டார்கள். கட்டாயப்படுத்தி ஊழியம் வாங்குவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மறுத்தவர்களின் தியாகத்தைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை.

இன்னொரு நிலைப்பாடு: ஊழியத்தை எறி, கருவியை எறியாதே. முனைவர் கே. ஏ. குணசேகரன் அதைப் பாட்டாகவும் நாடகமாகவும் ஆய்வாகவும் செய்து காட்டினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, தோழர்கள் வாயில் ‘பரட்டை’, வழிபாட்டுக்குள்ளேயே நாட்டுப்புற இசையைக் கொண்டுபோனார். கீழே இருப்பவர்களின் இசை கீழான இசை இல்லை என்பது அவர் வாதம். 1990-களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்களில் பறை, சாவு வீட்டு வாசலிலிருந்து அரசியல் மேடைக்கு வந்தது.

திண்டுக்கல்லில் இந்தப் பாதையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர்கள் பெண்கள். சகோதரி சந்திராவின் வழிகாட்டலில் இயங்கும் சக்தி கலைக்குழு, ஏழை தலித் குடும்பங்களிலிருந்து வந்த இளம் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. அதுவரை பறை ஆண்களின் கருவி. பெண் தொட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்குள்ளேயே பேசினார்கள். அந்தப் பெண்கள் இடுப்பில் கட்டி, கால் வீசி, நிமிர்ந்து அடித்தபோது இரண்டு பூட்டுகள் ஒன்றாக உடைந்தன. ஒன்று சாதிப் பூட்டு. இன்னொன்று நம் வீட்டு ஆண்கள் போட்ட பூட்டு. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 2019-ல் ஓர் ஆவணப்படமே எடுத்தார். நம் ஊர்க் கல்லூரிகளில் எத்தனை இடங்களில் அதைத் திரையிட்டோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025 ஜனவரியில், நமக்குப் பக்கத்து ஊரான அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. லண்டன் சிம்பொனிக்கு ஆறு வாரம் முன்பு. ஒரே பருவத்தில் இரண்டு செய்திகள். இரண்டும் நமக்குப் பெருமை.

ஆனால் ஷூமன் கதையை மறக்க வேண்டாம். இன்று பறை கல்லூரி விழாவில் ஒலிக்கிறது, அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் ஒலிக்கிறது. ‘ஆதித்தமிழன் கருவி’ என்று முழங்குகிறார்கள். முழங்கட்டும். ஆனால் அந்தக் கருவியைத் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சிக் காப்பாற்றியவர் யார், அதற்காக ‘தீட்டு’ என்று ஒதுக்கப்பட்டவர் யார் என்ற பேச்சு வரும்போது மட்டும் ‘சாதியெல்லாம் எதற்கு, இது தமிழர் கலை’ என்று வாயை அடைப்பார்கள் என்றால், அது மீட்பு இல்லை. கருவியை உள்ளே அழைத்து, கலைஞரை வெளியே நிறுத்தும் வேலை.

வாசற்படியும் மேடையும்

இனி இரண்டாவது கேள்வி. இளையராஜாவை நம்மவர் எனலாமா?

2024 டிசம்பர் 15 அன்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போனார். ஜீயர்களோடு போனபோது அர்த்த மண்டப வாசற்படியில் அவர் நிறுத்தப்பட்ட காட்சி ஊரெங்கும் பரவியது. அர்த்த மண்டபத்துக்குள் ஜீயர்களும் அர்ச்சகர்களும் தவிர வேறு யாரும் போவதில்லை என்பதே வழக்கம் என்று கோவில் தரப்பில் விளக்கம் வந்தது. இளையராஜாவோ, தான் சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவர் அல்ல என்றும், நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள் என்றும் சொன்னார். அவர் வார்த்தையை நாம் மதிக்கிறோம். அவமானப்பட்டார் என்று அவர் சார்பில் நாம் சொல்லத் தேவையில்லை.

நம் கேள்வி அவரைப் பற்றியதே அல்ல. அந்தப் படியைப் பற்றியது. யார் எதுவரை போகலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்யும் ஒரு வழக்கத்தை, ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்று சொல்லி நியாயப்படுத்த முடியுமா? மூன்று மாதத்துக்குள் அதே மனிதர் லண்டன் மேடையில் நின்றார். அங்கே அவர் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும், யார் பெற்ற பிள்ளை என்று கேட்காமல் அத்தனை கலைஞர்களும் வாசித்தார்கள். அந்த மேடையும் சுத்தமான மேடை இல்லைதான். வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா 1997 வரை பெண்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. ஆனால் அங்கே போராடினார்கள், விதி மாறியது. மாறாதது என்று எந்த விதியும் இல்லை.

சாதியை வைத்துத் தன்னை அடையாளப்படுத்துவதை அவர் விரும்பவில்லை என்பது ஊரறிந்த விஷயம். 2022-ல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிடும் நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையை நாம் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. அந்த அரசியலோடு நமக்கு முரண்பாடு உண்டு, அதைத் தொடர்ந்து பேசுவோம். ஆனால் ‘நான் இந்தச் சாதி’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டால்தான் ஒருவர் கலையை ஏற்போம் என்றால், நாமும் பிறப்பைக் கேட்டு வாசலில் நிற்பவர்களாகிவிடுவோம். மெண்டல்சன் தன்னை ஜெர்மானியராகவே நினைத்தார். அவரை யூதர் என்று பட்டியலிட்டது நாஜிகளின் தேவை. அடையாளத்தைச் சொல்லும் உரிமை எவ்வளவு பெரியதோ, சொல்லாமல் இருக்கும் உரிமையும் அவ்வளவு பெரியது. நாம் உரிமை கொண்டாட வேண்டியது அவர் சாதியை அல்ல. பண்ணைப்புரத்துச் சிறுவன் சிம்பொனி எழுத முடியும் என்று அவர் நிரூபித்த உண்மையை. திறமை பிறப்பில் வருகிறது என்ற மனுவின் பொய்க்கு, அந்த மாலை பதிலாக நின்றது.

நம் கையில் இருப்பது

முதல் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சிம்பொனியும் கான்செர்ட்டோவும் மேட்டுக்குடியின் தனிச்சொத்து இல்லை. அதன் வாசலில் வேலி போட்டது மேட்டுக்குடி. வேலியை நாம் ஏன் மதிக்க வேண்டும்? இந்தியாவில் தொழில்முறை சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்று சொல்லத்தக்க ஒன்று மும்பையில் இருக்கிறது, 2006-ல் தொடங்கப்பட்டது. திண்டுக்கல்லில் ஒரு வயலின் வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகள் ஆயிரம் பேர். ஆனால் கைபேசி இருக்கிறது. இன்று இரவே மெண்டல்சனைக் கேளுங்கள். பிளாரன்ஸ் பிரைஸைக் கேளுங்கள். புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று நம் தெருவில் இருக்கிறது. பிரைஸின் காகிதங்களாவது ஒரு வீட்டில் கிடந்தன. நம் அடிகள் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆத்தூரிலும் நிலக்கோட்டையிலும் வேடசந்தூரிலும் நத்தத்திலும் வத்தலக்குண்டிலும் வயதான கலைஞர்களின் கையில்தான் இருக்கின்றன. அவர் போனால் அந்த அடியும் போய்விடும். பிறகு யாராவது வந்து ‘அரிய கலை’ என்று கட்டுரை எழுதுவார்கள்.

ஆகவே கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பெரியவரிடம் போங்கள். உட்காருங்கள். அவர் அனுமதியோடு ஒவ்வோர் அடியையும் பதிவு செய்யுங்கள். அடியின் பெயர், எப்போது வாசிப்பது, யாரிடம் கற்றார் என்பதை எழுதுங்கள். கலைஞரின் பெயரை முதலில் எழுதுங்கள். ‘ஒரு பறையிசைக் கலைஞர்’ என்று பொத்தாம்பொதுவாக விடாதீர்கள். பாட்டிகளிடம் ஒப்பாரியைக் கேளுங்கள். கட்டாயத்தின் பேரில் அடித்த நாட்களையும் கேளுங்கள், அடிக்க மறுத்த நாளையும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் நம் இசை வரலாறு. அவருக்கு நேரத்துக்கான மரியாதையையும் பணத்தையும் கொடுங்கள். இலவச ஊழியம் என்பது நாம் எதிர்க்கும் விஷயம், ஆய்வின் பெயரால் நாமே அதை வாங்கக் கூடாது.

பிறகு மண்டபத்தைக் கேளுங்கள். ஆண்டு விழாவில் வரவேற்பு அடிக்க மட்டும் பறைக்குழுவை அழைத்து, வாசலோடு அனுப்பிவிடும் வழக்கத்தை எதிர்த்துக் கேள்வி கேளுங்கள். முழுக் கச்சேரி நேரம் கேளுங்கள். உட்கார்ந்து கேட்கும் மக்கள், கலைஞர் பெயர் அச்சிட்ட நிரல், மற்ற வித்வான்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம், இவை மூன்றும் வேண்டும். சென்னையில் 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’, மார்கழி என்றால் சபா மட்டுமே என்ற எண்ணத்தை உடைத்துக் காட்டியது. அது திண்டுக்கல்லிலும் ஆகும்.

ஒரு மாலையை நினைத்துப் பார்ப்போம். முதல் பாதியில், இதுவரை எந்த மண்டபமும் கேட்டிராத நம் ஊர்ப் பெரியவரின் பத்து அடிகள். இடைவேளைக்குப் பிறகு, எல்லோரும் நேசிக்கும் ஒரு கான்செர்ட்டோ. அதை வாசிப்பது நம் தெருப்பிள்ளை ஒருத்தி. இரண்டையும் ஒரே மரியாதையோடு கேட்கும் கூட்டம். அதற்கு ராயல் பில்ஹார்மோனிக் வர வேண்டியதில்லை. பூட்டின் ஊரில் பிறந்த நமக்குச் சாவி செய்யவும் தெரியும்.

ஜெய்பீம்!